மூன்று தடவை வந்த பத்திரிகை

மல்லசமுத்திரம்
11.11.2024
(கூரியரில்)

அன்புள்ள மதுமதிக்கு,

அக்கா வசந்தாமணி எழுதிக்கொள்வது. மைசூர்க் குளிர் உன் மூக்கடைப்புக்கு ஆகாதே, ஆவி பிடிக்கிறாயா? இங்கே எனக்குச் சர்க்கரை ஏறி இறங்குகிறது. உன் மாமாவுக்கு முழங்காலை மடக்க முடியவில்லை. மற்றபடி எழுந்து நடமாடுகிறோம்.

எட்டு வருஷம் கழித்து எழுதுகிறவள் முழங்கால் வலியைச் சொல்லவா எழுதினாள் என்று கேட்பாய். நேராகச் சொல்லிவிடுகிறேன். பட்டறையிலிருந்து நாங்கள் அனுப்பும் மெயில் ஒன்றுகூடப் போய்ச் சேர மாட்டேன் என்கிறது. எல்லாம் அவரவர் ஸ்பேம் பெட்டியில் விழுகிறதாம். ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் வண்டிகளுக்கு இருபத்தாறு வருஷமாகப் பிட்டு செய்து கொடுக்கிறோம். எங்கள் பிட்டு துளைக்காத பாறை இல்லை, ஆனால் எங்கள் கொட்டேஷன் ஒருத்தர் கம்ப்யூட்டருக்குள் நுழைய முடியவில்லை. பத்துக் கோடி பரிசு விழுந்திருக்கிறது என்று புளுகுகிறவன் மெயில் எனக்கு நேராக வந்து நிற்கிறது. உழைத்துச் சாப்பிடுகிற நாங்கள்தான் களவாணிகளாம். இவர்களுக்கு யார் இந்த அதிகாரத்தைக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

டான்சானியா நீமா அம்மாவை உனக்கு நினைவிருக்கும். முதல் ஆர்டரை நீதான் பேசி வாங்கினாய். இப்போது நம் சரக்கில் பாதி அவர்களுக்குத்தான் போகிறது. வருஷ ஒப்பந்தத்தை ஜனவரி கடைசிக்குள் புதுப்பிக்க வேண்டும். விலை கேட்டிருந்தார்கள். ஐந்து தடவை அனுப்பினோம். போன வாரம் அவர்களிடமிருந்து ஒரு வரி வந்தது, உங்களுக்கு விருப்பமில்லை போலிருக்கிறது, வேறு இடம் பார்க்கிறோம் என்று. போனிலும் எடுப்பதில்லை. அந்த ஆர்டர் போனால் பட்டறையில் இருக்கிற நாற்பத்திரண்டு பேரில் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

சேலத்திலிருந்து கம்ப்யூட்டர்காரர் வந்து பார்த்தார். டொமைன் உன் பேரில் இருக்கிறதாம், உன் பாஸ்வேர்டு இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாதாம். போகும்போது சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாயே என்று உன் மாமா சத்தம் போட்டார். எனக்கும் கோபம்தான். ஆனாலும் நீதான் இதைச் சரிசெய்ய வேண்டும். ஆஸ்பத்திரியில் இதே வேலைதான் பார்க்கிறாய் என்று கேள்விப்பட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அக்கா

*

மைசூர்
16.11.2024

அக்காவுக்கு,

கூரியர் வந்தது. நான் நன்றாக இருக்கிறேன். மூக்கடைப்பு இந்த ஊருக்கு வந்ததிலிருந்து இல்லை. சர்க்கரைக்கு மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடு.

சாவியை நான் எடுத்துக்கொண்டு வரவில்லை. விட்டுவிட்டு வரும்போது வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. இரண்டு கடிதம் எழுதினேன், டொமைனை உங்கள் பேருக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று. ஒன்றுக்கும் பதில் இல்லை. வருஷா வருஷம் அதைப் புதுப்பித்து வைத்திருப்பது நான்தான். செய்யாமல் விட்டிருந்தால் உங்கள் கம்பெனி பெயரே வேறொருவனிடம் போயிருக்கும். மாமாவிடம் இதையும் சத்தமாகப் படித்துக் காட்டு.

நாற்பத்திரண்டு பேருக்காகச் செய்கிறேன். அவர்களில் பலரை எனக்கு முகம் தெரியும்.

நான் ஆஸ்பத்திரியில் பார்ப்பது அந்த வேலைதான். ரத்தப் பரிசோதனை முடிவு, மறுபடி வரவேண்டிய தேதி எல்லாம் நோயாளிக்கு மெயிலில் போகிறது. ஸ்பேமில் விழுந்தால் ஓர் ஆள் சிகிச்சைக்கு வராமலே போய்விடுவார். அதனால் ஸ்பேம் வடிகட்டியைத் திட்டிக்கொண்டு உட்கார எனக்கு நேரம் இருப்பதில்லை. அது எதைப் பார்த்து நம்மைத் தள்ளுகிறது என்றுதான் பார்ப்பேன்.

இனி கூரியர் வேண்டாம். கம்பெனி மெயிலிலிருந்து எனக்கு எழுது. அது என் ஸ்பேமில்தான் விழும், நான் வெளியே எடுத்துப் படித்துப் பதில் போடுவேன். அனுப்பிய மடலைத் திறக்கிறார்கள், பதில் எழுதுகிறார்கள் என்று தெரிந்தால் வடிகட்டிக்கு மெல்ல நம்பிக்கை வரும். ‘டெஸ்ட் டெஸ்ட்’ என்று அனுப்பாதே. மனுஷர் மனுஷருக்கு எழுதும் கடிதமாக இருக்கட்டும்.

எல்லோர் நலனும் விழைகிறேன்.

மதுமதி

*

மல்லசமுத்திரம்
18.11.2024

அன்புள்ள மதுவுக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். நீ சொன்ன மாதிரி கம்பெனி மெயிலிலேயே எழுதுகிறேன். பையன் தர்ஷன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவன் இப்போது உன்னைவிட உயரம். தமிழ் டைப் அடிக்கிற என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்.

என்ன எழுதுவது? மழை நன்றாகப் பெய்திருக்கிறது. மரவள்ளி போட்டவர்களெல்லாம் தண்ணீர் நிற்கிறதே என்று புலம்புகிறார்கள். மழை பெய்தால் போர் போடுகிறவன் வருவதில்லை, வெயில் அடித்தால் வெள்ளாமை வைத்த காட்டுக்காரன் அழுகிறான். இரண்டு பேரும் நம் வாசலுக்குத்தான் வந்து புலம்புகிறார்கள். பட்டறையில் புதிதாக ஒரு லேத் போட்டிருக்கிறோம். அறிவுதான் அதைப் பார்க்கிறான். நீ இருந்தபோது டீ வாங்கப் போன அதே அறிவுதான், இப்போது இரண்டு பெண் குழந்தைக்குத் தகப்பன். உன்னை விசாரித்தான்.

மாமாவிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே எழுந்து போய்விட்டார். உனக்கு எழுதுவது வேலை நிமித்தம் என்று சொல்லித்தான் இந்த வீட்டில் எழுத முடிகிறது. சின்னவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்கிறேன். உனக்கே தெரியும், உன்னைப் பிரிந்த பிறகும் அவர் அண்ணனோடு இதே காம்பவுண்டுக்குள்தான் இருக்கிறார், இரண்டாவதாகக் கட்டின மனைவியும்.

என்னுடைய இந்தக் கடிதம் உனக்கு ஸ்பேமில்தான் வந்திருக்குமா? கூடப் பிறந்தவளுக்கு எழுதுவதைக்கூடக் குப்பை என்று ஒரு மெஷின் சொல்லுமானால் அதை என்னவென்பது. நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

மைசூர்
19.11.2024

அக்காவுக்கு,

நலமே. உன் கடிதம் ஸ்பேமில்தான் கிடந்தது. எடுத்துவிட்டேன். அறிவின் பெண் குழந்தைகளுக்கு என் அன்பைச் சொல்.

முதல் கோளாறு தெரிந்துவிட்டது. எந்த சர்வர் நம் பெயரில் மடல் அனுப்பலாம் என்று டொமைனில் ஒரு குறிப்பு எழுதிவைக்க வேண்டும். நான் எழுதிவைத்தது பழைய சர்வருக்கு. இரண்டு வருஷத்துக்கு முன் நீங்கள் சர்வரை மாற்றியிருக்கிறீர்கள், குறிப்பை மாற்றவில்லை. ஆகவே உங்கள் மடலெல்லாம் அடையாள அட்டை இல்லாத ஆள் மாதிரி வாசலில் நிற்கிறது. அதைத் திருத்திவிட்டேன். மடலில் கையெழுத்து மாதிரி ஒரு முத்திரை விழும்படியும் செய்துவிட்டேன்.

ஆனால் அது மட்டும் காரணமில்லை. இரண்டு வருஷமாக இருந்த தப்பு இந்த மூன்று மாதத்தில் மட்டும் ஏன் இப்படிக் கடிக்க வேண்டும்? பெறுகிற ஜனங்களே கூட்டமாக ‘இது ஸ்பேம்’ என்று அழுத்தினால்தான் ஒரு டொமைன் இவ்வளவு கெட்டுப்போகும். ஆகவே கேட்கிறேன், ஒரே மடலை எல்லோருக்கும் சேர்த்து எப்போதாவது அனுப்பினீர்களா? என்ன மடல், எத்தனை பேருக்கு, எந்தத் தேதியில் என்று எழுது. அது தெரியாமல் மேற்கொண்டு போக முடியாது.

சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று எழுதவே இல்லை.

மதுமதி

*

மல்லசமுத்திரம்
2.12.2024

அன்புள்ள மதுவுக்கு,

சர்க்கரை சாப்பாட்டுக்கு முன் நூற்று நாற்பது. நீ நலமா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. புயல் மழையில் மூன்று நாள் கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை.

எல்லோருக்கும் சேர்த்து என்ன அனுப்பப் போகிறோம்? தீபாவளி வாழ்த்து அனுப்பினோம், அதுவும் நூறு பேருக்குத்தான். ஆயுத பூஜைக்குப் பட்டறை லீவு என்று ஒன்று. அதற்கா இந்தத் தண்டனை? வாழ்த்துச் சொல்வது இந்த உலகத்தில் எப்போதிலிருந்து குற்றமானது? எனக்கு வருகிற மெயிலைப் பார், வங்கிக்காரன், துணிக்கடைக்காரன், முடி கொட்டுவதற்கு எண்ணெய் விற்கிறவன். ஒரு நாளைக்கு நாற்பது. அவர்களை ஒருத்தரும் ஒன்றும் கேட்பதில்லை. பெரிய இடத்துக்கு ஒரு நியாயம், மல்லசமுத்திரத்துக்கு ஒரு நியாயமா?

நீமா அம்மாவுக்கு மறுபடி அனுப்பினோம். பதில் இல்லை. பட்டறையில் ராத்திரி ஷிப்டை நிறுத்திவிட்டோம். ஆட்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள். ஏதாவது செய் சாமி.

உன் உடம்பு முக்கியம்.

அக்கா

*

மைசூர்
3.12.2024

அக்காவுக்கு,

நலம். நூற்று நாற்பது அதிகம், டாக்டரைப் பார்.

டொமைன் என் பெயரில் இருப்பதால் அதன் மேல் வந்த புகார்களின் கணக்கு எனக்குத் தெரிகிறது. தீபாவளிக்கு ஒன்றுமில்லை. ஆயுத பூஜைக்கும் இல்லை. ஆகஸ்ட் 25, செப்டம்பர் 1, செப்டம்பர் 3. இந்த மூன்று நாளிலும் ஆயிரக்கணக்கில் மடல் போயிருக்கிறது. பெற்றவர்களில் ஏராளமானோர் ஸ்பேம் என்று அழுத்தியிருக்கிறார்கள். உங்கள் பெயர் கெட்டது அந்தப் பத்து நாளில்தான்.

அந்த மூன்று மடலும் என்ன?

மதுமதி

*

மல்லசமுத்திரம்
28.12.2024

அன்புள்ள மதுவுக்கு,

நீ நலமாக இருக்கிறாயா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

நேற்று நீமா அம்மாவே போன் செய்தார்கள். தர்ஷன் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினான். ஒரே கோபம். அவர்கள் இங்கிலீஷில் சொன்னதைத் தர்ஷன் எனக்குத் தமிழில் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டான். “ஊட்டுக் கல்யாணப் பத்திரிகை மூணு தடவ வந்துச்சாமா. மாப்பிள்ளை பொண்ணு போட்டோ கூட வந்துச்சாமா. நாங்க கேட்ட வெலப் பட்டியல் ஒருக்காக் கூட வரலயே, உங்க மெயிலயெல்லாம் நாந்தான் குப்பையில தள்ளச் சொன்னேன்னு சொல்றாங்கம்மா.”

அந்த மூன்று மடலும் அதுதான் மது. நம் பெண் தனப்பிரியா கல்யாணப் பத்திரிகை. செப்டம்பர் ஐந்தாம் தேதி, திருச்செங்கோட்டில். உன்னிடம் அந்தக் கல்யாணத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் தீபாவளி, ஆயுத பூஜை என்று மழுப்பினேன்.

எப்படி நடந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் ஒரு பத்திரிகை விட்டுப்போனால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். மூன்று தலைமுறைக்குச் சொல்லிக்காட்டுவார்கள். நானும் மாமாவும் தட்டத்தில் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு ஆயிரத்துச் சொச்சம் வீடு ஏறி இறங்கினோம். மோகனூரிலிருந்து பனமரத்துப்பட்டி வரைக்கும் ஒரு வீடு விடவில்லை. அப்புறமும் எனக்குப் பயம். ரிக் வண்டிக்காரர்கள் பாதிப்பேர் வடக்கே இருக்கிறார்கள், அவர்களுக்கு எப்படிச் சொல்வது? கம்பெனி பட்டியலில் நாலாயிரத்து முந்நூறு முகவரி இருந்தது. யாரையும் விட வேண்டாம், மொத்தமாக அனுப்பு என்று தர்ஷனிடம் சொன்னவள் நான்தான். வடநாட்டு இரும்புக் கடைக்காரன், ஆப்பிரிக்கா டீலர், எப்போதோ ஒருதரம் விலை கேட்டவன், செத்துப்போனவன் எல்லாருக்கும் போயிருக்கிறது. கூப்பிட்டும் வராதவர் வருத்தப்படக் கூடாது என்று இரண்டு தடவை நினைவூட்டலும் அனுப்பினேன்.

மரியாதைக்குக் கூப்பிட்டதைக் குப்பை என்று அழுத்தியிருக்கிறார்களே, இவர்கள் என்ன ஜனம் என்று நேற்று முழுக்க வயிறெரிந்தேன்.

உன் பெயர் வீடு ஏறும் பட்டியலில் இல்லை. சின்னவர் மனசு நோகும், அவர் மனைவி முதல் தடவையாகச் சபைக்கு வருகிறாள், வேண்டாம் என்று உன் மாமா சொன்னார். நான் எதிர்த்துப் பேசவில்லை.

அக்கா

*

மைசூர்
30.12.2024

அக்காவுக்கு,

நலம் விசாரிப்பதை இந்த ஒரு தடவை விட்டுவிடுகிறேன்.

முதலில் வேலை. நாலாயிரத்து முந்நூறில் உங்களோடு இரண்டு வருஷத்துக்குள் எழுத்துப் போக்குவரத்து இருந்தவர்கள் இருநூற்று எண்பது பேர்தான். மற்ற எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லித் தர்ஷனுக்குப் பட்டியல் அனுப்பியிருக்கிறேன். குடும்பக் காரியம் எதையும் இனி கம்பெனி மெயிலில் அனுப்பாதீர்கள். ஒரு நாளைக்கு இருபது பேருக்கு மேல் எழுதாதீர்கள். நீமா அம்மாவிடம் போனில் மன்னிப்புக் கேளுங்கள், ஸ்பேமிலிருந்து ஒரே ஒரு மடலை வெளியே எடுத்துப் பதில் போடச் சொல்லுங்கள். அதற்கடுத்து விலைப்பட்டியல் நேராகப் போகும்.

இனி நம் காரியம்.

அந்தப் பட்டியலை உருவாக்கியவள் நான். அதில் முதல் முகவரி என்னுடையது. மடல் ஒழுங்காகப் போகிறதா என்று சரிபார்க்க நானே போட்டுவைத்தது. யாரும் அதை எடுக்கவில்லை. ஆகவே பத்திரிகை எனக்கும் வந்தது. மூன்று தடவையும் வந்தது.

முதல் தடவை பார்த்ததுமே தெரிந்துவிட்டது, கூட்டத்துக்கு அனுப்பியது எனக்கும் வந்திருக்கிறது என்று. இதுதானே என் தொழில். இரண்டாவது வந்தபோது, ஒருவேளை என்று நினைத்தேன். மூன்றாவதில் ‘தாங்கள் அவசியம் வந்திருந்து’ என்று இருந்தது. எல்லாருக்கும் போகிற வாக்கியம்தான், எனக்குத் தெரியாதா? ஆனாலும் லீவு போட்டேன். தனப்பிரியாவுக்குப் பன்னிரண்டு வயசு வரை தலை பின்னிவிட்டது நான். அவளுக்கு அம்மை போட்டபோது பதினோரு நாள் பக்கத்தில் கிடந்தது நான். என்னைக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நம்புவதற்கு எனக்கு ஓர் உரிமை இருந்தது.

மைசூரில் பஸ் ஏறி, திம்பம் மலைப்பாதை இறங்கி, ஈரோடு வந்து, காலையில் மண்டபத்துக்கு வந்தேன். சந்தனம் வைத்திருந்த மேஜை வரை வந்தேன். அங்கிருந்தே திரும்பிவிட்டேன். திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து மூன்று மடலிலும் ஸ்பேம் என்று அழுத்தினேன். நீ யாரைப் பார்த்து வயிறெரிகிறாயோ அந்த ஜனத்தில் நானும் ஒருத்தி.

மதுமதி

*

மல்லசமுத்திரம்
17.1.2025

அன்புள்ள மதுவுக்கு,

நலமா? பொங்கல் வைத்தாயா? இங்கே மாட்டுப் பொங்கல் அன்று நல்ல சேதி வந்தது. நீ சொன்னபடியே நீமா அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டோம். நானே பேசினேன், தர்ஷன் இங்கிலீஷில் சொன்னான். அவர்கள் சிரித்துவிட்டார்கள். பொண்ணு அழகாக இருக்கிறாள் என்றார்கள். மறுநாள் விலைப்பட்டியல் நேராக அவர்கள் பெட்டியில் போய் விழுந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து ராத்திரி ஷிப்டை மறுபடி தொடங்குகிறோம். நீ இல்லாவிட்டால் இருபது குடும்பம் அடுப்பு மூட்டியிருக்காது.

நீ எழுதியதைப் படித்துவிட்டு எனக்கு ஆறவே இல்லை. வாசலில் வரவேற்புக்கு நின்றவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள். வந்தவளை வாங்க என்று சொல்லி ஒரு வாய் தண்ணீர் கொடுக்கத் தெரியாத ஜனம். கத்திரிப்பூச் சேலையும் கையில் பரிசுப் பையுமாகத் தன்னந்தனியாக வந்து நிற்கிறவளைப் பார்த்தால், யார் என்னவென்று விசாரிக்க வேண்டாமா? சம்பந்தி அம்மாளிடம் நேரிலேயே கேட்டுவிடலாம் என்றிருக்கிறேன். இப்படிப்பட்டவர்களை நம்பி வாசலை ஒப்படைத்தது நம் தப்பு.

எள்ளுருண்டை செய்து கூரியரில் அனுப்பியிருக்கிறேன். அளவாகச் சாப்பிடு.

அக்கா

*

மைசூர்
20.1.2025

அக்காவுக்கு,

நலம். எள்ளுருண்டை வந்தது. ஒப்பந்தம் கிடைத்ததில் மகிழ்ச்சி, நிஜமாகவே மகிழ்ச்சி. உன் மடல் இப்போது என் இன்பாக்ஸுக்கே நேராக வருகிறது. பயிற்சிக்காக எனக்கு எழுத வேண்டிய அவசியம் இனி இல்லை. டொமைனைத் தர்ஷன் பேருக்கு மாற்றிவிட்டேன். இனி அந்தக் கம்பெனியில் என்னுடையது என்று எதுவும் இல்லை.

சம்பந்தி அம்மாளிடம் ஒன்றும் கேட்காதே. அவர்கள் பாவம். வாசலில் இருந்த பெண் “வாங்கம்மா, சந்தனம் எடுத்துக்கோங்க” என்று சிரித்துக்கொண்டு கிண்ணத்தை நீட்டினாள். யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. சொன்னார்கள் என்று நான் எழுதவும் இல்லை.

சேலை என்ன நிறம் என்றும் நான் எழுதவில்லை. கையில் பை இருந்தது என்றும் எழுதவில்லை.

மதுமதி

*

மல்லசமுத்திரம்
9.3.2025

மதுவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? ஏழு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன். இன்று அனுப்பிவிடுகிறேன்.

பார்த்தேன். மேடையிலிருந்து தேங்காய்த் தட்டம் எடுக்க இறங்கியபோது வாசலில் உன்னைப் பார்த்தேன். முதலில் கோபம்தான் வந்தது, கூப்பிடாத இடத்துக்கு வந்து நிற்கிறாளே என்று. உனக்குப் பத்திரிகை வந்த விஷயம் எனக்கு அப்போது தெரியாது. அடுத்து பயம். முன்வரிசையில் சின்னவரும் அவர் மனைவியும். சுற்றிலும் ஊர். நான் மணப்பெண் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். பத்து நிமிஷம் கழித்து வந்து பார்த்தபோது நீ இல்லை. நிம்மதியாக இருந்தது மது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

உன்னைச் சின்னவர் அடித்த நாளிலும் நான் இதையேதான் செய்தேன். பக்கத்து அறையில் இருந்தேன். எனக்குக் கேட்டது. மறுநாள் வந்து, “அனுசரிச்சுப் போ சாமி” என்று சொன்னேன். ஊரெல்லாம் நியாயம் கேட்கிற எனக்கு என் வீட்டுக்குள் ஒரு சொல் வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. தாலி கட்டி முடிந்ததும் தனப்பிரியா கேட்டாள், “ஏம்மா, சித்தி வரலீங்களா?” என்று. “கூப்பிட்டோம், வரல” என்றேன். பொய் என்று தெரிந்துதான் சொன்னேன். அவள் இன்று வரைக்கும் உன் மேல் வருத்தமாக இருக்கிறாள்.

அவள் உண்டாகியிருக்கிறாள். வைகாசியில் வளைகாப்பு வைக்கலாம் என்றிருக்கிறோம். உன்னை அங்கே கூப்பிட இப்போதைக்கு எனக்கு வழி தெரியவில்லை. மாமா இறங்கி வரவில்லை. ஆனால் ஒன்று செய்கிறேன். டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு அவளை ஈரோட்டுக்குக் கூட்டி வருகிறேன். நீயும் வா. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து பேசலாம். அவள் கையில் நீ ஒரு ஜோடி வளையல் போட்டுவிடு. யாருக்கும் தெரியாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அக்கா

*

மைசூர்
15.3.2025

அக்கா,

சோறு இறங்கட்டும், சாப்பிடு. சர்க்கரைக்காரி பட்டினி கிடக்கக் கூடாது. தனப்பிரியாவுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்களா என்று பார்.

நீ என்னைப் பார்த்தது எனக்கு அன்றைக்கே தெரியும். உன் கண்ணும் என் கண்ணும் சந்தித்தன. அதன் பிறகு உன் முதுகைத்தான் பார்த்தேன். அதனால்தான் திரும்பினேன். நவம்பரில் உன் கூரியர் வந்தபோது, இவள் இதை எப்போதாவது சொல்வாளா என்று பார்க்கத்தான் பதில் போட்டேன். நாற்பத்திரண்டு பேருக்காக என்று எழுதியது பாதிதான் உண்மை. சொல்லிவிட்டாய். அதற்கு நான் கடன்பட்டவள் என்று நினைக்காதே. தாமதமாக வந்தது, ஆனால் வந்து சேர்ந்தது.

ஈரோட்டுக்கு வரமாட்டேன். யாருக்கும் தெரியாமல் பார்க்க நான் என்ன களவாணியா? என்னை அடித்தவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அடி வாங்கினவள் பஸ் ஸ்டாண்டு ஹோட்டலில் வளையல் போட வேண்டுமா? பெற்ற பெண்ணிடம் டாக்டர் என்று பொய் சொல்லி என்னிடம் கூட்டி வருவாயா? ஒரு பொய்யில் அவள் என்னை இழந்தாள். இன்னொரு பொய்யில் எனக்கு அவள் வேண்டாம்.

முதலில் தனப்பிரியாவிடம் உண்மையைச் சொல். நீ சொல்கிறபோது மாமாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

அதற்குப் பிறகு, மனம் இருந்தால், வளைகாப்புக்கு அழைக்க நீயும் மாமாவும் இங்கே வாருங்கள். மெயில் வேண்டாம், போன் வேண்டாம், தர்ஷனை அனுப்ப வேண்டாம். என்றோ ஒருநாள் விலை கேட்டவனுக்கெல்லாம் மூன்று தடவை பத்திரிகை அனுப்பினீர்கள். எனக்கு ஒரு தடவை போதும். நான் வருவேனா மாட்டேனா என்று முன்கூட்டியே கேட்காதே, எனக்கே அது இன்னும் தெரியாது. எட்டு வருஷமாக உங்கள் வீட்டு விசேஷம் ஒவ்வொன்றுக்கும் நான் வரவில்லை என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறீர்கள். வரமாட்டேன் என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை. அப்படிச் சொல்வதற்காவது என் வாசலில் வந்து நின்று என்னைக் கூப்பிடுங்கள்.

உன் தங்கை,
மதுமதி